வாய் பேசாத உயிர்களுக்காக வாதாடிய ருக்மிணி தேவி



சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் அதிகாலையில் பயணம் செய்பவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். இரவில் ஏதோ ஒரு வண்டியில் அடிபட்ட நாய், நடுத்தடுப்பின் ஓரமாகக் கிடக்கும். சில வேளைகளில் அதற்கு உயிர் இருக்கும். தலையைத் தூக்கிப் பார்க்கும். வண்டிகள் விலகிச் செல்லும். கிளைப்பங்கில் திருப்பலிக்கு நேரமாகிவிட்டதே என்று நாமும் பலமுறை அப்படி விலகிச் சென்றிருக்கிறோம். எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்த மனிதரைக் கண்டும் விலகிச் சென்ற குருவைப்பற்றி, ஒருவேளை அன்றைக்கே நாம் மறையுரையும் ஆற்றியிருப்போம்.

ஆனால் விலகிச் செல்லாத சிலரும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுபவர், மருந்துக்கடையில் வேலை செய்பவர், கல்லூரி மாணவி என்று நாலைந்து பேர் சேர்ந்த சின்னஞ்சிறு குழுக்கள் அவை. பழைய சாக்கும், அட்டைப்பெட்டியும், கையுறையும்தான் இவர்களது ஆயுதங்கள். அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடுகிறார்கள். பாழுங்கிணற்றில் விழுந்த ஆட்டையும், நாயையும், மயிலையும் தீயணைப்பு வீரர்களின் உதவியோடு மேலே கொண்டுவருகிறார்கள். ஊரார் கேலி செய்வார்கள். பெற்ற செல்வங்களைக் கவனிக்க நேரமில்லை, நாயைக் கவனிக்க வந்துவிட்டார்கள் என்பார்கள். இவர்கள் காவல் நிலையத்தின் படியேறி முறையிடும்போது, கையில் வைத்திருப்பது ஒரே ஒரு சட்டம். 1960ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம்.

அந்தச் சட்டம் பிறப்பதற்குக் காரணமாக இருந்தவர் நம் தமிழ் மண்ணில் பிறந்த ஒரு பெண்மணி. நாட்டியத்திற்காக உலகம் அறிந்தவர். ஆனால் வாயில்லா உயிர்களுக்காக அவர் ஆற்றிய பணியை நம்மில் பலர் அறியோம். அவர்தான் ருக்மிணி தேவி அருண்டேல். அவர் நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். இருப்பினும், நன்மை எங்கிருந்து வந்தாலும் அது இறைவனிடமிருந்து வருவதே என்று நம்பும் நாம், அவரது வாழ்வைச் சற்று நிதானமாகச் சிந்திப்பது பயன் தரும்.

1904ம் ஆண்டு பிப்ரவரி 29ம் தேதி மதுரையில் பிறந்தார் ருக்மிணி தேவி. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே வரும் பிறந்த நாள். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர், சமஸ்கிருதம் கற்றவர். தாய் சேஷம்மாள் இசையில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். தந்தையின் பணி மாற்றங்களால் குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்ட தந்தை, ஓய்வுபெற்றபின் குடும்பத்தோடு சென்னை அடையாறில், அந்தச் சபையின் தலைமையகத்திற்கு அருகே குடியேறினார். மரங்களும் பறவைகளும் நிறைந்த அந்த ஆற்றங்கரைத் தோட்டமும், அங்கே அன்னி பெசன்ட் அம்மையார் போன்றோரின் தொடர்பும், சிறுமி ருக்மிணியின் உள்ளத்தை உருவாக்கின.

1920ம் ஆண்டு, தம் பதினாறாம் வயதில், ஆங்கிலேயரும் கல்வியாளருமான ஜார்ஜ் அருண்டேலை அவர் திருமணம் செய்துகொண்டார். மணமகன் ஏறத்தாழ 25 ஆண்டுகள் மூத்தவர், வேறு நாட்டவர். அன்றைய சென்னையில் இது பெரும் புயலைக் கிளப்பியது. பத்திரிகைகள் எழுதின, உறவினர்கள் ஒதுக்கினர். பலருடைய பேச்சுக்கும் ஏச்சுக்கும் இடையே தன் மனச்சான்று காட்டிய வழியில் நிலையாய் நிற்பது எப்படி என்பதை அந்த இளம் வயதிலேயே அவர் கற்றுக்கொண்டார். பின்னாளில் விலங்குகளுக்காகப் பேசி மற்றவர்கள் சிரித்தபோது, அந்தப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது என்றே நாம் எண்ணுகிறோம்.

கணவரோடு உலகைச் சுற்றிவந்த நாள்களில், புகழ்பெற்ற இரஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பு அவருக்குக் கிடைத்தது. சொந்த நாட்டின் நடனத்தைத் தேடிக் கற்கும்படி தூண்டியவர் அவரே. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிராட்டம் கற்று, 1935ம் ஆண்டில் அடையாறில் ருக்மிணி தேவி மேடையேறினார். 1936ம் ஆண்டு சனவரி 6ம் தேதி கலாக்ஷேத்திரா தொடங்கியது. தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்கள் காலங்காலமாகக் காத்துவந்த கலை அது. அவர்களிடமிருந்து அது வேறொரு கைக்குப் போனதையும், அவர் செய்த மாற்றங்களையும் குறைகூறியவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அந்த விவாதம் நியாயமானதே. ஒருவரது வாழ்வைப் போற்றும்போது அவர்மீது எழுந்த கேள்விகளை மூடிமறைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

1945ம் ஆண்டில் கணவர் இறந்தார். தனிமையில் கலாக்ஷேத்திராவைத் தாங்கி நின்ற அவருக்கு, 1952ம் ஆண்டில் எதிர்பாராத அழைப்பு ஒன்று வந்தது. குடியரசுத் தலைவரால் மாநிலங்களவைக்கு அவர் நியமிக்கப்பட்டார். அந்த அவைக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண் அவரே. கலைக்காகக் கிடைத்த இருக்கை அது. கலையைப்பற்றியே அவர் பேசுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஆனால், தமக்குக் கிடைத்த அந்தக் குரலை, குரலே இல்லாத உயிர்களுக்குக் கொடுக்க அவர் முடிவு செய்தார்.

அதுவரை நாட்டில் இருந்தது ஆங்கிலேயர் 1890ம் ஆண்டில் கொண்டுவந்த சட்டம். அதன் எல்லை மிகக் குறுகியது. பொது இடத்தில் பலர் பார்க்க வதைப்பதையே அது பெரும்பாலும் கண்டுகொண்டது. ஆய்வுக்கூடத்தில், கூண்டுக்குள், வித்தை காட்டுபவரின் கையில், வண்டிப் பயணத்தில் விலங்குகள் படும் துன்பங்களுக்கு அதில் போதிய பதில் இல்லை. எனவே 1953ம் ஆண்டில் ருக்மிணி தேவி ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். பசியும் வறுமையும் வாட்டிய இளம் நாடு அது. பிரிவினையின் காயங்கள் ஆறவில்லை. மனிதருக்கே சோறில்லாதபோது மாட்டுக்கும் குரங்குக்கும் சட்டமா என்ற கேள்வி இயல்பாகவே எழக்கூடிய காலம்.

1954ம் ஆண்டில் அந்த மசோதா விவாதத்திற்கு வந்தது. பிரதமர் ஜவகர்லால் நேரு அதன் நோக்கத்தைப் பாராட்டினார். அரசே இதைப்பற்றி ஆராய்ந்து முழுமையான ஒரு சட்டத்தைக் கொண்டுவரும் என்று உறுதி அளித்து, மசோதாவைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொண்டார். அன்பர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தாம் உழைத்து உருவாக்கிய ஒன்றை, நிறைவேறும் முன்னரே கைவிடும்படி கேட்கிறார்கள். ஒப்புக்கொண்டால் பெயரும் பெருமையும் அரசுக்குப் போகும். உறுதிமொழி காற்றில் கரைந்துபோகவும் கூடும். ஆனால் பிடிவாதம் பிடித்தால் மசோதா தோற்கும். விலங்குகளுக்கு எதுவும் கிடைக்காது. ருக்மிணி தேவி மசோதாவைத் திரும்பப் பெற்றார். அரசு ஒரு குழுவை அமைத்தது. காத்திருப்பு ஆறு ஆண்டுகள் நீடித்தது. 1960ம் ஆண்டு டிசம்பரில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் நாட்டின் சட்டமாயிற்று.

நம் பங்குகளில், நான் தொடங்கிய அன்பியம், நான் கட்டிய கெபி, நான் கொடுத்த மணி என்று பெயர்ப்பலகைக்காகச் சண்டையிடும் நமக்கு, தம் பெயர் இல்லாவிட்டாலும் பணி நடந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்த அந்தப் பெண்மணி பெரியதொரு பாடம் சொல்கிறார்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? விலங்கை வைத்திருப்பவர், அதன் நலனைப் பேணவும், தேவையற்ற வேதனையிலிருந்து காக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. அடித்துத் துன்புறுத்துவது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, நோயுற்றதையும் முதுமையடைந்ததையும் வேலை வாங்குவது, வேதனை தரும் விதத்தில் ஏற்றிச் செல்வது, அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது, குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது, தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் விடுவது, பசியால் வாடும்படி தெருவில் விட்டுவிடுவது ஆகிய அனைத்தும் குற்றம் என்கிறது. வதைபட்ட விலங்குகளை வைத்துச் சிகிச்சை தரும் இடங்களுக்கும் வழி செய்கிறது. அதே வேளையில், உணவுக்காகக் கொல்வதையோ, சமயச் சடங்குக்காகக் கொல்வதையோ அது தடைசெய்யவில்லை. ருக்மிணி தேவி தீவிர சைவ உணவாளர். பன்னாட்டுச் சைவ உணவாளர் அமைப்பின் துணைத் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர். ஆயினும், எல்லாம் கிடைக்கும்வரை எதுவும் வேண்டாம் என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை. கிடைத்த வழியில் நடந்தார்.

இந்தச் சட்டத்தின்கீழ் 1962ம் ஆண்டில் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவி. வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையிலேயே இயங்கியது. எங்கோ ஓர் ஊரில், யாரும் அறியாமல் நாய்க்கும் குதிரைக்கும் கட்டுப்போட்டுக்கொண்டிருந்த சிறு அமைப்புகளுக்கு அங்கீகாரம் அளிப்பது, தங்குமிடம் கட்டவும் மருந்து வாங்கவும் மருத்துவ ஊர்தி வாங்கவும் நிதியுதவி செய்வது, விதிகளை உருவாக்க அரசுக்கு ஆலோசனை சொல்வது என வாரியத்தின் பணிகள் விரிந்தன. மாடுகளையும் ஆடுகளையும் ஏற்றிச் செல்வதற்கான விதிகள் 1978ம் ஆண்டில் வந்தன. பயணத்திற்கு உடல் தகுதி உண்டு என்ற கால்நடை மருத்துவரின் சான்று இருக்கவேண்டும் என்று அவை கூறுகின்றன.

அதே காலத்தில் சென்னையில் மற்றொரு விதையும் முளைத்தது. விமானியான கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் பிள்ளைகளும் தங்கள் வீட்டிலேயே 1959ம் ஆண்டில் தொடங்கிய பணி, புளூ கிராஸ் என்ற அமைப்பாக 1964ம் ஆண்டில் பதிவு பெற்றது. தெரு நாய்களைக் கொல்வதால் எண்ணிக்கையும் குறையாது, வெறிநோயும் ஒழியாது என்று சொல்லி, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை இவர்கள் வலியுறுத்தினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1996ம் ஆண்டில்தான் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. 2001ம் ஆண்டில் அது நாடு முழுவதற்கும் விதியாயிற்று. 2023ம் ஆண்டில் புதிய விதிகள் வந்தன. ஒரு வீட்டின் முற்றத்தில் தொடங்கிய பணி நாட்டின் விதியாக மாறியது. கடுகு விதை உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

1977ம் ஆண்டில் பிரதமர் மொரார்ஜி தேசாய், குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி ருக்மிணி தேவியை அணுகினார். நாட்டின் முதல் குடிமகள் ஆகும் வாய்ப்பை அவர் பணிவோடு மறுத்துவிட்டார். பத்ம பூஷண் விருதும், விலங்குகள் நலனுக்கான இலண்டன் அமைப்பின் பதக்கமும் அவரைத் தேடி வந்தன. 1986ம் ஆண்டு பிப்ரவரி 24ம் தேதி, எண்பத்திரண்டாம் பிறந்த நாளை எட்டும் முன்னர், சென்னையில் அவர் மறைந்தார்.

அவர் விட்டுச் சென்ற பணி முடிந்துவிட்டதா? இல்லை. முதல்முறை குற்றம் செய்பவருக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். 1960ல் அது ஒரு தொகை. பிறகு காலம் மாறியது, விலைவாசி மாறியது, அந்தத் தொகை மட்டும் பல பத்தாண்டுகளாக மாறாமல் நின்றது. ஒரு மாட்டின் வேதனைக்கு நாம் வைத்த விலை, இரண்டு டீயும் இரண்டு வடையும்!

இந்தச் சட்டத்தை நம் ஊர்களின் வாழ்விலிருந்து பிரித்துப் பார்க்கவும் முடியாது. ஆத்தூர் அருகே கூலமேட்டில் சல்லிக்கட்டு பார்க்கச் செல்கிறவர்கள் நம் பங்கிலும் உண்டு. 2014ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடைவிதித்தது இந்தச் சட்டத்தின் அடிப்படையில்தான். 2017ம் ஆண்டில் தமிழக அரசு சட்டத்திருத்தம் செய்ததும், 2023ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றதும் நாம் அறிந்ததே. நாமக்கல்லின் முட்டைக் கோழிப் பண்ணைகள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அந்தக் கூண்டுகளில் கோழிகள் சிறகை விரிக்க இடம் உண்டா என்ற கேள்வியை 2017ம் ஆண்டில் சட்ட ஆணையம் தன் அறிக்கையில் எழுப்பியது. பண்ணை வைத்திருக்கும் நம் சகோதரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கம் அல்ல. கடனும், தீவன விலையும், முட்டை விலையும் அவர்களை நெருக்குவதை நாம் அறிவோம். ஆனால் அந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல் இருக்கவும் நமக்கு உரிமையில்லை. வாழ்வாதாரத்திற்காக ஓர் உயிரைப் பயன்படுத்துவது வேறு. அது உயிர் என்பதையே மறந்துவிடுவது வேறு. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என்பது நம் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கற்பிக்கும் உண்மை.

இங்கே நாம் ஒன்றை அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, நாம் பணியாற்றிய ஒரு பங்கில், கோவில் வளாகத்தில் தெரு நாய் ஒன்று ஆறு குட்டிகள் ஈன்றது. திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தைகளைக் கடித்துவிடும் என்று சிலர் முறையிட்டார்கள். எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று நாம் சொன்னோம். எங்கே என்று கேட்கவில்லை. சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். தாய் நாய் மூன்று இரவுகள் கெபியைச் சுற்றிச் சுற்றி வந்து அழுதது. நான்காம் நாள் அதையும் காணவில்லை. கொடிமரம் ஏறியது, தேர் வந்தது, திருவிழா சிறப்பாக நடந்தது. அந்தத் திருவிழாவில் எந்தப் பாடலைப் பாடினோம் என்பது இன்று நினைவில் இல்லை. அந்த நாயின் அழுகை நினைவில் இருக்கிறது. குழந்தைகளின் பாதுகாப்பு உண்மையான கவலைதான். ஆனால் அதற்கு வேறு வழி இருந்தது. கேட்கும் பொறுமைதான் நம்மிடம் இல்லை. ருக்மிணி தேவியின் வாழ்வை நாம் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

வேறு வழி என்ன? அந்தச் சிறு குழுக்களிடம் நாம் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அடிபட்ட விலங்கு வலியில் கடிக்கும். எனவே வெறுங்கையால் தொடாமல் கனமான துணியைப் போர்த்தித் தூக்க வேண்டும். காற்றோட்டமுள்ள பெட்டியில், இருட்டும் அமைதியுமான இடத்தில் வைத்தால் அதன் அச்சம் தணியும். மயக்கத்தில் இருப்பதன் வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றக் கூடாது. மயில், கிளி, குரங்கு, ஆமை போன்றவை 1972ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை. அவற்றை வீட்டில் வைத்து வளர்க்காமல் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு காயமின்றி இருந்தால் கூட்டிலேயே வைத்துவிடலாம். மனிதக் கை பட்டதால் தாய் அதைத் தள்ளிவிடாது. தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யும்படி உள்ளாட்சி அமைப்பிடம் பங்குப்பேரவையின் பெயரில் மனுக் கொடுக்கலாம். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் மிளகாயும் வைத்துக் கட்டிக்கொண்டு காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

அன்பானவர்களே, அசிசியின் புனித பிரான்சிசை 1979ம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சூழலியலாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். 2015ம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ், நம் பொதுவான இல்லத்தைப் பேணுவதுபற்றித் திருமடல் எழுதினார். வனத்து அந்தோணியார் திருவிழாவில் ஆடுமாடுகளை ஓட்டிவந்து தீர்த்தம் தெளிக்கச் சொல்லும் நம் முன்னோரின் வழக்கமும் அதே நம்பிக்கையிலிருந்து வந்ததே. தீர்த்தம் தெளித்த மாட்டை, திரும்பும் வழியில் தார்க்கம்பால் குத்தினால் அந்த ஆசீருக்கு என்ன பொருள்?

ஒரு நாட்டியக் கலைஞருக்கு நாடாளுமன்றத்தில் இருக்கை கிடைத்தது. அதை அவர் வாயில்லா உயிர்களுக்குக் கொடுத்தார். நமக்கு நாடாளுமன்றம் இல்லை. ஆனால் வீட்டு வாசல் இருக்கிறது. சித்திரை வெயிலில் வாசலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்த முறை சாலையோரம் தலை தூக்கிப் பார்க்கும் ஓர் உயிரைக் காணும்போது வண்டியை நிறுத்துவோம். திருப்பலிக்குப் பத்து நிமிடம் தாமதமாக வரும் பங்குத்தந்தையை, காரணம் தெரிந்தால், நீங்களும் மன்னிப்பீர்கள், ஆண்டவரும் மன்னிப்பார்.